வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றியும் நைட்ரேட் 80-லேயே நிற்பது ஏன்?

மயிலாடுதுறையில் பவளமும் கடல்மீனும் வளர்க்கும் ஒருவர் அனுப்பிய கேள்வியின் சுருக்கம் இது. நான்கடித் தொட்டி, சம்ப்போடு (தொட்டியோடு இணைந்த வடிகட்டும் துணைத்தொட்டி) சேர்த்து நிகரமாக 250 லிட்டர் கடல்நீர். மீன்களில் ஒரு க்ளவுன் ஜோடி, மூன்று டாம்சல், ஒரு ப்ளூ டாங்க், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ். பவளங்களில் சோவா, மஷ்ரூம், லெதர், ஒரு ஹேமர். தினமும் ஒரு கிராம் பெல்லட் (உலர்ந்த உருண்டைத் தீவனம்), வாரம் இரண்டு முறை நறுக்கிய இறால். வாரந்தோறும் 25 லிட்டர் மாற்றுகிறார், வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலந்து. ஆவியாகும் அளவையும் அதே தண்ணீரால் நிரப்புகிறார். ஆறு மாதமாக நைட்ரேட் 80 பிபிஎம் (லிட்டருக்கு 80 மில்லிகிராம்), பாஸ்பேட் 0.05. லெதர் சுருங்குகிறது, ஹேமர் பழுப்பேறிவிட்டது, கண்ணாடியில் இரண்டு நாளுக்கொருமுறை பச்சை படிகிறது. வோட்கா ஊற்றலாமா, நைட்ரேட் உறிஞ்சும் ரெசின் வாங்கலாமா, இல்லை நாகப்பட்டினம் போய்க் கடல்நீர் எடுத்துவந்து பாதித் தொட்டியை மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

மூன்றுமே இப்போது வேண்டாம். ரெசினைப் பொறுத்தவரை எப்போதுமே வேண்டாம். முதலில் 80 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடுங்கள். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

வாரம் பத்து சதவீதம் மாற்றினால், இருக்கும் நைட்ரேட்டில் பத்தில் ஒரு பங்குதான் வெளியே போகிறது. தொட்டியில் 80 இருந்தால் வாரம் 8 போகும். அந்த ஏழு நாளில் புதிதாக 8 சேர்ந்தால் எண் அசையாது, ஆறு மாதமானாலும் ஆறு வருடமானாலும் 80-தான். இதைச் சூத்திரமாக வைத்துக்கொள்ளலாம்: வாரத்தில் சேரும் பிபிஎம்மை மாற்றும் பங்கால் வகுத்தால், தொட்டி எங்கே நிலைகொள்ளும் என்பது கிடைக்கும். 8-ஐ 0.1-ஆல் வகுத்தால் 80. மாற்றுவதை இருபது சதவீதமாக்கினால் 40. சேர்வதையும் பாதியாக்கினால் 20. தண்ணீர் மாற்றுவது வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. மேல்மடை திறந்தபடி கிடக்க, வடிகாலை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தால் வயலில் நீர்மட்டம் இறங்காது அல்லவா, அதுதான் இங்கும்.

இப்போது மேல்மடையைப் பார்ப்போம். தொட்டிக்குள் நைட்ரஜன் நுழையும் முக்கிய வழி தீவனத்தின் புரதம். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். நைட்ரஜன் முழுக்க நைட்ரேட்டாக மாறினால் எடை 4.43 மடங்காகும். 45 சதவீதப் புரதமுள்ள ஒரு கிராம் பெல்லட்டில் 0.072 கிராம் நைட்ரஜன் இருக்கிறது, அது 0.32 கிராம் நைட்ரேட். உங்கள் 250 லிட்டரில் அது 1.3 பிபிஎம், வாரத்துக்கு ஒன்பது. இறாலுக்கு வாருங்கள். தோல் உரித்த இறாலில் ஏறத்தாழ 20 சதவீதம் புரதம். 10 கிராம் போட்டால் 1.4 கிராம் நைட்ரேட்டுக்கான சரக்கு உள்ளே போகிறது, அதாவது ஒரே வேளையில் 5.7 பிபிஎம். வாரம் இரண்டு முறை என்றால் பதினொன்றுக்கு மேல். ஏழு நாள் பெல்லட்டையும் தாண்டி நிற்பது அந்த இரண்டு வேளை இறால்தான். துறைமுகத்திலிருந்து அன்றே வந்த இறால் என்பதால் அது கெடுதல் செய்யாது என்று நினைத்துவிடுகிறோம். மீனுக்கு அது நல்ல உணவுதான், அளவுதான் பிரச்சினை.

கூட்டினால் வாரம் 20 பிபிஎம் வருகிறது. இவ்வளவும் நைட்ரேட்டாகத் தேங்குவதில்லை. மீனின் சதையாகக் கொஞ்சம், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பையில் கொஞ்சம், கண்ணாடிப் பாசியில் கொஞ்சம், தொட்டியில் அடுக்கிய துளையுள்ள கல்லின் ஆக்சிஜன் இல்லாத உட்பகுதியில் நைட்ரஜன் வாயுவாக மாறிக் கொஞ்சம் என்று பாதிக்கு மேல் கழிந்துவிடும். மிஞ்சுவது வாரம் எட்டு என்று வைத்தால் உங்கள் 80 சரியாகப் பொருந்துகிறது.

அதனால் இறாலை நிறுத்துங்கள், அல்லது வாரம் ஒரு முறை 3 கிராமுக்குள் வையுங்கள். சமையல்கட்டுத் தராசு போதாது, 0.1 கிராம் காட்டும் சிறு தராசு வாங்கி ஒரு வாரத் தீவனத்தை எடைபோட்டு டப்பாக்களில் பிரித்துவைத்தால் வீட்டில் யார் போட்டாலும் அளவு தவறாது. டாங்க்குக்கும் ஃபாக்ஸ்ஃபேஸுக்கும் நோரிப் பாசித் தாள் கொடுங்கள். ஃபாக்ஸ்ஃபேஸ் பாசி மேயும் மீன், டாங்க்கும் பாசி தின்னும். உறைந்த தீவனக் கட்டியை வடிகட்டியில் அலசிப் போடும் பழக்கம் கெடுதல் இல்லை. ஆனால் அலசினால் குறைவது சொற்பம்; அளவைக் குறைப்பதுதான் பலன் தரும்.

அடுத்தது தண்ணீர். காவிரி டெல்டாவில் இதைச் சற்றுக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500-இன்படி லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை அனுமதி உண்டு. குடிக்கத் தகுந்தது என்று சான்று பெற்ற தண்ணீரிலேயே பவளத் தொட்டிக்கு ஒவ்வாத அளவு நைட்ரேட் இருக்கலாம். குறுவை, சம்பா என்று யூரியா விழும் நிலங்களுக்கு நடுவே ஆழமில்லாத போர்வெல் இருந்தாலோ, கிணற்றை ஒட்டிக் கழிவறைத் தொட்டி இருந்தாலோ அளவு கூட வாய்ப்பு அதிகம். ஆர்.ஓ. படலம் அதை நிறுத்திவிடும் என்று நம்பிவிட முடியாது. நைட்ரேட் சிறிய, ஒற்றை மின்னூட்ட அயனி. கால்சியத்தையும் சல்ஃபேட்டையும் தடுக்கும் அளவுக்கு இதைப் படலம் தடுக்காது. அதைவிட முக்கியமானது, வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ.வில் சுவைக்காக ஒரு டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) சரிசெய்யும் திருகு இருக்கும். சுத்திகரித்த தண்ணீரில் படலத்தைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவதுதான் அதன் வேலை. குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. இருபது லிட்டர் கேன் தண்ணீரும் இதே ரகம்தான், சோதிக்காமல் ஊற்றாதீர்கள்.

அந்தத் தண்ணீரில் 10 பிபிஎம் இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுவோம். கோடையில் மின்விசிறி வைத்துத் தொட்டியைக் குளிர்வித்தால் நாளுக்கு 5 லிட்டர் ஆவியாவது சாதாரணம். ஆவியாகும்போது நீர் மட்டும் போகும், நைட்ரேட் தங்கிவிடும். வாரம் 35 லிட்டர் நிரப்புவதில் 350 மில்லிகிராம், மாற்றும் 25 லிட்டரில் 250 மில்லிகிராம், ஆக 600 மில்லிகிராம். 250 லிட்டரில் அது 2.4 பிபிஎம். கழிவை அகற்றுவதற்கென்று ஊற்றும் தண்ணீரே வாரம் 2.4 சேர்த்துவிடுகிறது.

தீர்வு பெரிய செலவில்லை. குடிநீர் ஆர்.ஓ.வைத் தொடாதீர்கள். செடிமென்ட், கார்பன், படலம், அதன் பின்னால் நிறம் மாறும் டி.ஐ. ரெசின் (ஊற்றப்போகும் தண்ணீரில் மிஞ்சிய அயனிகளை நீக்குவது) கொண்ட தனி யூனிட் ஒன்று போடுங்கள். கடைசிக் குழாயில் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்ட வேண்டும். 1, 2 என்று ஏறத் தொடங்கினால் ரெசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. நாகை, வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் ரெசின் சீக்கிரம் தீரும். அங்கே மழைக்காலத்தில் சேமித்த நீரோ நகராட்சி நீரோ கிடைத்தால் அதை உள்ளே விடுவது ரெசினுக்குச் சிக்கனம்.

ஏதாவது மாற்றுவதற்கு முன் உங்கள் 80 உண்மையான 80-தானா என்று உறுதி செய்யுங்கள். ஹாபி கிட்கள் (வீட்டிலேயே நீரைச் சோதிக்கும் பெட்டிகள்) நைட்ரேட்டை நேராக அளப்பதில்லை. அதை நைட்ரைட்டாகக் குறைத்து, பிறகு இளஞ்சிவப்புச் சாயமாக்கிக் காட்டுகின்றன. குறைக்கும் வேலையைச் செய்யும் உலோகத் தூள் புட்டியின் அடியில் கட்டிவிடும். ஏ.பி.ஐ. நிறுவனத்தின் கிட்டில் இரண்டாம் புட்டியை முப்பது விநாடி பலமாகக் குலுக்கச் சொல்வது இதற்காகத்தான். குலுக்காவிட்டால் எண் குறைவாக வரும். நேர்மாறாக, தொட்டியில் ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் எண் பொய்யாக ஏறும். அதனால் நைட்ரைட்டையும் ஒருமுறை பாருங்கள். 40-க்கும் 80-க்கும் நிற அட்டையில் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். ஒரு பங்கு தொட்டி நீருக்கு மூன்று பங்கு டி.ஐ. தண்ணீர் கலந்து சோதித்து, வந்த எண்ணை நாலால் பெருக்குங்கள். அட்டையின் கீழ்ப்பகுதியில் நிறங்கள் தெளிவாகப் பிரியும். டி.ஐ. தண்ணீரைத் தனியாகவும், புதிதாகக் கலந்த உப்புநீரைத் தனியாகவும் அதே கிட்டில் சோதியுங்கள், இரண்டும் 0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கிட்டோ தண்ணீரோ கெட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் ஓட்டுவீட்டுப் பரணில் கிடந்த கிட்டை நம்பாதீர்கள். ஃபிரிட்ஜ் கதவோரம், உணவுப் பொருளிலிருந்து தள்ளி, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சோதிக்கும் முன் அறை வெப்பத்துக்கு வரட்டும். இன்னொன்று, சில கருவிகள் நைட்ரேட்டாகக் காட்டாமல் நைட்ரேட்-நைட்ரஜனாகக் காட்டும். அதை 4.43-ஆல் பெருக்க வேண்டும்.

கடல்நீர் எடுத்துவரும் யோசனையைப் பற்றி. கடல் பக்கத்திலேயே இருக்க, மூட்டை மூட்டையாக உப்பு வாங்குவது ஏன் என்று டெல்டாவில் எல்லோருக்கும் தோன்றும். திறந்த கடலின் மேல்மட்ட நீரில் நைட்ரேட் மிகக் குறைவு, நியாயமான யோசனைதான். ஆனால் கரையில் எடுப்பது திறந்த கடல்நீர் இல்லை. பூம்புகாரில் காவிரி, காரைக்காலில் அரசலாறு, நாகூரில் வெட்டாறு என்று வரிசையாக முகத்துவாரங்கள். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வயல் வடிநீர் முழுவதும் இந்த வழியாகத்தான் இறங்குகிறது. அந்த நாளில் உப்பளவும் சரியும், சேறும் உரமும் சேர்ந்து வரும். இறால் பண்ணை வடிகாலும் துறைமுகத்து டீசலும் தனி. எடுத்தே தீருவதென்றால் பிப்ரவரி முதல் மே வரை, மழையில்லாத நாளில், படகில் சில கிலோமீட்டர் உள்ளே போய் எடுக்க வேண்டும். உப்பளவு காட்டும் ரெஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி-க்கு (ஆயிரத்தில் 35 பங்கு) பக்கத்தில் இருக்கிறதா, நைட்ரேட் 0-வா என்று படகிலேயே சோதித்துவிட்டு நிரப்புங்கள். கேன்கள் உணவுத் தரமானவையாக இருக்கட்டும். பழைய பூச்சிமருந்துக் கேனை எத்தனை முறை கழுவினாலும் அதில் எடுக்கவே கூடாது.

வீட்டுக்கு வந்ததும் 5 மைக்ரான் வடிகட்டி, பிறகு குளோரின். 30 சதவீத பிளீச்சிங் பவுடர் 100 லிட்டருக்கு 3.3 கிராம் என்றால் 10 பிபிஎம் வரும். சிறிது நீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் காற்று விட்டு, மிச்சக் குளோரினைச் சோதித்து, 1 பிபிஎம்முக்கு லிட்டருக்கு 7 மில்லிகிராம் கணக்கில் சோடியம் தயோசல்ஃபேட் போட்டு முறியுங்கள். குளோரின் 0 என்று மறுபடி சோதித்த பிறகே தொட்டிக்குப் போகலாம். இத்தனை வேலைக்கு, 250 லிட்டர் தொட்டிக்கு உப்புப் பாக்கெட்தான் எளிது என்பது என் கருத்து. ஆயிரம் லிட்டருக்கு மேல் வைத்திருப்பவருக்குக் கடல்நீர் கட்டுப்படியாகும்.

இனி தொட்டிக்குள் அழுக்கு எங்கே தங்குகிறது என்று பார்ப்போம். நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே கழிவை வெளியே எடுத்துவிட்டால் அது கணக்கிலேயே வராது. ஃபில்டர் சாக்கை (நீர் வடியும் துணிப் பை) மாதம் ஒருமுறை மாற்றினால் அது வடிகட்டி இல்லை, எருக்குழி. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை கழற்ற வேண்டும். நான்கைந்து சாக் வாங்கிச் சுழற்சியில் வைத்தால் சலிப்பு வராது. சோப்பு போடாமல் தண்ணீர் பீய்ச்சி, நீர்த்த பிளீச்சில் ஊறவைத்து, நன்றாக அலசி வெயிலில் காயவிடுங்கள். சம்ப்பில் ஸ்பாஞ்ச் இருந்தால் எடுத்துவிடுங்கள். பயோபால் (பாக்டீரியா குடியிருக்கும் பிளாஸ்டிக் பந்துகள்) இருந்தால் வாரம் ஐந்தில் ஒரு பங்காக எடுங்கள், ஒரே நாளில் முழுவதும் வேண்டாம். அவை அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலையை நன்றாகவே செய்கின்றன. ஆனால் நைட்ரேட்டை வாயுவாக்க ஆக்சிஜன் இல்லாத உட்பகுதி வேண்டும், அது பயோபாலில் கிடையாது, கல்லில் உண்டு.

கல்லின் துளைகள் அடைபட்டாலும் அந்த வேலை நின்றுபோகும். தண்ணீர் மாற்றும் நாளில் சிறு பம்ப்பால் கல் இடுக்குகளில் பீய்ச்சி அழுக்கைக் கிளப்புங்கள், கால் மணி நேரம் கழித்து சாக் பிடித்ததை எடுத்துவிடுங்கள். மணலை வாரம் கால்பங்கு பரப்பு மட்டும் சைஃபன் செய்யுங்கள். ஆறு மாதம் தொடாத மணலை ஒரே நாளில் முழுக்கக் கிளறினால் அடியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடும் அம்மோனியாவும் ஒன்றாகக் கிளம்பும். முட்டை அழுகிய வாடை வந்தால் உடனே கை எடுங்கள்.

ஸ்கிம்மரின் கழுத்தில் படியும் பிசின்தான் நுரை ஏறாமல் தடுக்கும் முதல் காரணம். இரண்டு நாளுக்கொருமுறை துணியால் துடைத்தால் போதும். கோப்பையில் சேரும் திரவம் கறுத்த கஷாயமாக இருக்க வேண்டியதில்லை. பால் விடாத டீ நிறத்தில், கொஞ்சம் நீர்த்ததாக வருமாறு நுரைமட்டத்தை உயர்த்தி வையுங்கள். மொத்தத்தில் வெளியேறும் கழிவு அதிகமாகும்.

இவ்வளவும் செய்தால் வாரம் சேர்வது குறைந்தபட்சம் பாதியாகும். இப்போதுதான் இருக்கும் 80-ஐ இறக்குவது. பாஸ்பேட்டைப் போல நைட்ரேட் கல்லில் ஒட்டிக்கொள்வதில்லை, நீரில் கரைந்தே இருக்கிறது. அதனால் தண்ணீர் மாற்றுவதைவிட நம்பகமான வழி இல்லை. வாரம் இரண்டு முறை, முறைக்கு 50 லிட்டர், மூன்று வாரம். ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கு போகும்: 64, 51, 41, 33, 26, 21. இடையில் சேர்வதையும் கணக்கில் எடுத்தால் மூன்றாம் வார முடிவில் 30-க்குப் பக்கத்தில் நிற்கும். 300 லிட்டருக்கு உப்பு ஏறத்தாழ 11 கிலோ, லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வீதம். ஒரு நாள் முழுக்க பம்ப் ஓடவிட்டுக் கலந்து, உப்பளவும் வெப்பமும் தொட்டியோடு பொருந்திய பிறகு ஊற்றுங்கள்.

தண்ணீர் மாற்றிய மறுநாள் பவளம் வாடினால் பழி பெரும்பாலும் நைட்ரேட் இறங்கியதன்மேல் விழுகிறது. உண்மையான காரணம் பல நேரம் ஆல்கலினிட்டி, அதாவது அமிலத்தைத் தாங்கும் நீரின் திறன். நைட்ரேட் உருவாகும்போது ஆல்கலினிட்டி செலவாகிறது. 80 பிபிஎம் சேர்வதற்குள் 3.6 டி.கே.எச். (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) கரைந்திருக்கும். உங்கள் தொட்டி 6-இல் இருக்க, புதிதாகக் கலந்த உப்புநீர் 12 காட்டினால், அந்தத் தாவல்தான் ஹேமரைச் சுருக்கும். உப்பு வகைக்கு வகை இது மாறும். ரெட் சீ கோரல் ப்ரோ உப்பைக் கலந்தால் 12-ஐ ஒட்டி வரும், அதே நிறுவனத்தின் சாதாரண உப்பு 8-ஐ ஒட்டி. உங்கள் தொட்டியை முதலில் அளந்து, நாளுக்கு 0.5 டி.கே.எச்.-க்கு மேல் உயராமல் 7.5 – 8.5-க்குக் கொண்டுவந்துவிட்டு, அந்த அளவோடு ஒத்துப்போகும் உப்பை வாங்குங்கள்.

30-இலிருந்து 10-க்கு இறக்கி அங்கேயே வைத்திருக்க என் முதல் தேர்வு கீட்டோ பாசி, சம்ப்பில் வளர்க்கும் இழை இழையான பச்சைக் கடற்பாசி. வோட்காவைப் பிறகு பேசலாம் என்று சொன்னதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. வோட்காவோ வினிகரோ பாக்டீரியாவுக்கு உணவு. பாக்டீரியா பெருகி நைட்ரேட்டைத் தன் உடலில் சேர்க்கும், ஸ்கிம்மர் அந்த உடலை வெளியே எடுக்கும். அப்படிச் சேரும்போது சுமார் பத்துப் பங்கு நைட்ரேட்டுக்கு ஒரு பங்கு பாஸ்பேட் தேவை. 70 பிபிஎம் இறக்க 7 பிபிஎம் பாஸ்பேட் வேண்டும், உங்களிடம் இருப்பதோ 0.05. இரண்டே வாரத்தில் பாஸ்பேட் பூஜ்யமாகும், நைட்ரேட் அசையாமல் நிற்கும். பவளத்துக்கு அதுதான் மோசமான நிலை. நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் பஞ்சமானால் பவளம் வெளுக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். பழுப்புச் சளிபோலப் படரும் டைனோஃபிளாஜெலேட்டும் அந்தச் சமயத்தில்தான் தலையெடுக்கும். கடற்பாசியின் தேவை வேறு. பாஸ்பரஸ் ஒன்றுக்கு நைட்ரஜன் முப்பது அணு என்ற விகிதத்தில் அது எடுத்துக்கொள்கிறது, பாக்டீரியாவின் தேவையில் பாதி பாஸ்பேட்தான். நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் குறைந்த உங்கள் தொட்டிக்குப் பொருத்தமானது பாசி.

சம்ப்பில் ஒரு அடிக்கு ஒரு அடி இடம் ஒதுக்கி, 20 முதல் 30 வாட் எல்.ஈ.டி. விளக்கை மேலே வையுங்கள். தொட்டி விளக்கு அணைந்தபின் இரவில் பன்னிரண்டு மணி நேரம் எரியட்டும். இரவில் பி.எச். சரிவதையும் அது தாங்கிப்பிடிக்கும். நீரோட்டத்தில் பாசி உருள வேண்டும், அசையாமல் கிடந்தால் அடிப்பக்கம் அழுகி எடுத்ததைத் திருப்பிக் கொட்டிவிடும். நைட்ரேட் நிறைய இருந்தும் வளராமல் வெளிறினால் பெரும்பாலும் இரும்புச்சத்துப் போதவில்லை. அறுத்து எடுப்பதுதான் உண்மையான ஏற்றுமதி. நீர் வடித்த 100 கிராம் பாசி, தோராயமாக 5 பிபிஎம் நைட்ரேட்டை உங்கள் தொட்டியிலிருந்து வெளியே கொண்டுபோகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 100 கிராம் அறுத்தால் வாரம் 2.5. வாரம் 4 சேர்ந்து, அதில் பாசி 2.5 எடுத்துவிட்டால் மிச்சம் 1.5, வாரம் 15 சதவீதம் தண்ணீர் மாற்றினால் 10-இல் நிலைக்கும். மேலே சொன்ன அதே வகுத்தல்தான். காலர்பா வகையைத் தவிர்த்துவிடுங்கள், சில நேரம் இனப்பெருக்கத்துக்குப் போய் ஒரே இரவில் கரைந்து சேர்த்ததையெல்லாம் நீரில் விட்டுவிடும்.

இரண்டு மாதம் கழித்தும் 20-க்குக் கீழே வரவில்லை, பாஸ்பேட் 0.03-க்கு மேல் இருக்கிறது என்றால் வினிகர் தொடங்கலாம். வோட்காவைவிட வினிகர் மென்மையானது. 40 சதவீத வோட்காவில் இருக்கும் கார்பனுக்கு 5 சதவீத வினிகர் சுமார் எட்டு மடங்கு வேண்டும், அதனால் அளவு தவறினாலும் சேதம் குறைவு. மளிகைக் கடை வினிகரில் நிறமற்றதை எடுங்கள். லேபிளில் அசிட்டிக் அமிலமும் நீரும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. கேரமல் நிறம் சேர்த்தது வேண்டாம். நாளுக்கு 2.5 மி.லி.யில் தொடங்கி, வாரம் 2.5 மி.லி. வீதம் கூட்டுங்கள். காலையில், விளக்கு எரிந்தபின், சம்ப்பில் ஸ்கிம்மருக்கு முன்னால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அமிலம் என்பதால் இரவில் ஊற்றினால் பி.எச். மேலும் சரியும். நைட்ரேட் இறங்கத் தொடங்கிய அளவிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், மேலே ஏற்றாதீர்கள். 25 மி.லி. வரை போயும் அசையவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது, பெரும்பாலும் பாஸ்பேட்டில். நீர் பால்போல மங்கினால் இரண்டு நாள் நிறுத்தி, காற்று விட்டு, பாதி அளவில் தொடங்குங்கள். 10-க்கு வந்ததும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள்.

வினிகர் ஊற்றுகிறவர் மின்தடை அறிவிப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 30 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு சுமார் 6 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் தாங்கும். வினிகர் குடித்துப் பெருகிய பாக்டீரியாவும் அதையே பங்கு கேட்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை மின்சாரம் இருக்காது என்றால், அதற்கு முதல்நாளும் அன்றும் வினிகர் வேண்டாம். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் இல்லாமல் இந்த முறையைத் தொடங்கவே வேண்டாம். கஜா புயல் 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்று வானொலியில் கேட்டதும் வினிகரை நிறுத்துங்கள், தீவனத்தைப் பாதியாக்குங்கள்.

ரெசின் ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நைட்ரேட் உறிஞ்சும் ரெசின் நன்னீருக்கானது. கடல்நீரில் லிட்டருக்கு 19 கிராம் குளோரைடும் அதோடு சல்ஃபேட்டும் இருக்கின்றன. ரெசினின் இடங்களையெல்லாம் அவையே பிடித்துக்கொள்ளும், நைட்ரேட்டுக்கு இடமே இருக்காது. கந்தக மணிகள் நிரப்பிய டிநைட்ரேட்டர் (நைட்ரேட்டை வாயுவாக்கும் கருவி) வேலை செய்யும், ஆனால் நீரோட்டம் நின்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும், ஆல்கலினிட்டியையும் தின்னும். 250 லிட்டருக்கு அது தேவையில்லை. முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்தி நாற்று எடுத்து சம்ப்பில் வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அந்த மரம் மெதுவாக வளர்வதால் எடுக்கும் நைட்ரேட் கண்ணுக்கே தெரியாது. காப்புக்காட்டிலிருந்து நாற்று எடுப்பதும் குற்றம். அதேபோல "நைட்ரேட் குறைய இன்னும் கல் போடுங்கள்" என்று யாராவது கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லைக் கொடுத்தால் வாங்காதீர்கள். கடினப் பவளங்கள் 2001-இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. துளையுள்ள செராமிக் கட்டைகள் அதே வேலையைச் செய்யும். வைத்துப் பாக்டீரியா குடியேற இரண்டு மூன்று மாதமாவது ஆகும்.

இலக்கு நைட்ரேட் 5-க்கும் 10-க்கும் நடுவே, பாஸ்பேட் 0.03-க்கும் 0.10-க்கும் நடுவே. பூஜ்யத்தைத் துரத்த வேண்டாம்; உங்களிடம் இருக்கும் லெதரும் சோவாவும் 15-இல்கூட நன்றாக விரியும். வாரம் ஒரே கிழமையில், தண்ணீர் மாற்றும் முன், நைட்ரேட், பாஸ்பேட், ஆல்கலினிட்டி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பாஸ்பேட் 0.02-க்குக் கீழே போனால் முதலில் வினிகரைக் குறையுங்கள், பிறகு பெல்லட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். நைட்ரேட் 2-க்குக் கீழே போய் பவளம் வெளிறினால் பாசி விளக்கை ஆறு மணி நேரமாக்குங்கள். ப்ளூ டாங்க் வளர்ந்தால் நான்கடி அதற்குப் போதாது, தின்னும் அளவும் கூடிக்கொண்டே போகும். ஆறடித் தொட்டி வைத்திருப்பவர் யாராவது கிடைத்தால் இப்போதே பேசிவையுங்கள்; அது போனால் வாரத் தீவனம் எவ்வளவு குறைகிறது என்பதை மறுபடி எடைபோட்டு, அதற்கேற்ப பாசி அறுக்கும் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள்.